வறண்ட ஊரில் பூங்கா வளர்ப்போம்
திருவண்ணாமலை கற்பிக்கும் பாடம்

சித்திரை மாதத்துப் பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குச் சென்று வந்தவர்கள் ஒன்றை மறந்திருக்கமாட்டார்கள். வெறுங்காலுடன் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வரும் அடியார்கள், வெயில் தணியாத மாலை வேளையில் எந்த இடத்தில் நடையைத் துரிதப்படுத்துகிறார்கள், எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். மரமில்லாத இடத்தில் ஓட்டமும் நடையுமாகச் செல்கிறார்கள். ஒரு புளியமரமோ, ஓர் ஆலமரமோ, ஒரு வேம்போ நிழல் தரும் இடத்தில் நின்று மூச்சு விடுகிறார்கள். பணம் படைத்தவர், ஏழை, படித்தவர், பாமரர் என்ற வேற்றுமை அந்த நிழலுக்கு இல்லை.

அந்த நிழலை உண்டாக்கியவர் யார்? என்றோ ஒரு நாள் கன்றை நட்டு, தண்ணீர் ஊற்றி, ஆடு மாடு அண்டாமல் காத்தவர்கள். அவர்களில் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. இன்று நாம் ஊர்தோறும் பூங்கா அமைக்கிறோம். பள்ளிகளிலும் சங்கக் கட்டடங்களிலும் விழா எடுத்துக் கன்று நடுகிறோம். ஆனால் நட்ட கன்றுகளில் எத்தனை இரண்டாம் கோடையைத் தாண்டுகின்றன? எந்த மரம் பிழைக்கிறது, எது பட்டுப்போகிறது, ஏன்? நெசவாளரும் உழவரும் நிறைந்த நம் சங்கக் குடும்பத்தார் இதைச் சற்றுப் பொறுமையுடன் சிந்திப்பது நலம் பயக்கும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மழை உண்டு, தண்ணீர் இல்லை

திருவண்ணாமலை வட்டாரத்தை வறண்ட பூமி என்று சொல்கிறோம். ஆயினும் இங்கே மழையே பெய்வதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இதைப் பங்கிட்டுத் தருகின்றன. ஒரு ஏக்கர் நிலத்தில் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர் தண்ணீர் ஆகும். இது சிறிய அளவன்று.

குறை எங்கே இருக்கிறது? மழையின் பெரும்பகுதி சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. பிறகு தை பிறந்தது முதல் ஆனி வரையில் ஐந்தாறு மாதம் வானம் வெறிச்சோடிக் கிடக்கிறது. கருங்கற்பாறைமீது மெல்லிய போர்வைபோல் கிடக்கும் செம்மண்ணில் ஈரம் நெடுநாள் தங்குவதில்லை. மலைமீது விழுந்த நீர் ஓடைகளின் வழியே இறங்கி ஏரிகளிலும் தீர்த்தங்களிலும் சேர்ந்தால்தான் ஊருக்கு வாழ்வு. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். சமுத்திரம் ஏரியும், ஐயங்குளமும், கோயிலுக்குள் இருக்கும் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும், கிரிவலப் பாதையில் காணப்படும் எண்ணற்ற குளங்களும் ஊருக்கு அழகு சேர்ப்பதற்காக மட்டும் வெட்டப்பட்டவை அல்ல. சில நாள் மழையைப் பல மாத வாழ்வாக மாற்றுவதற்கு அவர்கள் கண்ட வழி அது. 1958-ஆம் ஆண்டில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையும் அந்த எண்ணத்தின் பெரிய வடிவமே.

பூங்கா அமைப்போர் முதலில் அறிய வேண்டிய உண்மை இதுவே. வறண்ட ஊரில் மரத்துக்குச் சோதனை ஆண்டு முழுவதும் வருவதில்லை. அந்த ஐந்தாறு மாதங்களில் வருகிறது. அந்தக் காலத்தைத் தாங்கும் இயல்பு எந்த மரத்துக்கு உண்டோ அதுவே இங்கே குடியேறத் தகுதி உடையது.

மொட்டை மலை பசுமை கண்ட வரலாறு

இதற்கு வேறெங்கும் சான்று தேட வேண்டியதில்லை. 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலையே கண்முன் நிற்கிறது. இம்மலையில் ஒரு காலத்தில் காடு இருந்தது. 1896-ஆம் ஆண்டில் இவ்வூருக்கு வந்த ரமண மகரிஷியின் வாழ்க்கைக் குறிப்புகளில், மலைமீது சிறுத்தை நடமாடிய செய்திகள் வருகின்றன. ஆனால் விறகுக்கு வெட்டியும், மேய்ச்சலுக்கு விட்டும், தீ வைத்தும் காடு சிறுகச் சிறுக அழிந்தது. 1980-களில் இவ்வூரைக் கண்டவர்கள் பாறையும் நெட்டைப்புல்லும் தவிர வேறு அதிகம் இல்லாத மலையையே கண்டனர்.

புல் மட்டும் நிற்கும் மலை ஆண்டுதோறும் எரியும். கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தாலும் போதும். புதிய தளிர் வரட்டும் என்று வேண்டுமென்றே கொளுத்துவோரும் உண்டு. தீ புல்லைக் கொல்வதில்லை. அதன் வேர் பிழைத்து அடுத்த மழையில் மீண்டும் தழைக்கிறது. ஆனால் முழங்கால் உயரம் வளர்ந்த மரக்கன்று கருகிவிடுகிறது. ஆகவே தீ புல்லுக்கு நண்பன், மரத்துக்குப் பகைவன். புல் பெருகினால் மறுபடியும் தீ. தீ பரவினால் மறுபடியும் புல். இந்தச் சுழலை உடைக்காமல் மலையில் மரம் வைப்பது வீண்.

1980-களின் பிற்பகுதியில் அண்ணாமலை மீள்காடாக்கச் சங்கம் என்ற அமைப்பு இப்பணியில் இறங்கியது. ஆஸ்திரேலிய நாட்டுச் சூழல் ஆர்வலரான ஜான் சீட் இதற்கு நிதி திரட்டி உதவினார். பின்னர், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து 'தி ஃபாரஸ்ட் வே' என்னும் அறக்கட்டளை, வனத்துறையின் ஒத்துழைப்புடன் இப்பணியைத் தொடர்ந்து செய்து வருகிறது. இவர்கள் செய்தது என்ன? உள்நாட்டு மரங்களின் விதையைத் தாங்களே சேகரித்தார்கள். நாற்றங்காலில் கன்றுகளை வளர்த்தார்கள். மழைக்காலத்தில் மலைமீது சுமந்து சென்று நட்டார்கள். இவை அனைத்தையும்விட முக்கியமாக, கோடை வருமுன் மலையில் நீண்ட பட்டைகளாகப் புல்லை வெட்டி அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைத்தார்கள். தீப்பற்றினால் உடனே ஏறி அணைக்க ஆட்களைப் பழக்கி வைத்தார்கள்.

அதன் விளைவாக மலையின் பல சரிவுகள் இன்று பச்சையாக நிற்கின்றன. மலையடிவாரத்தில் இதே முறையில் உள்நாட்டு மரங்களையும் செடிகளையும் கொண்டு குழந்தைகளுக்கான பூங்கா ஒன்றும் உருவாக்கப்பட்டது. குழந்தைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டே மரங்களின் பெயரையும் அறிந்துகொள்ளும் இடமாக அது அமைந்தது. அழகுக்காக அயல்நாட்டுச் செடிகளை வரிசையாக வைத்து, அவற்றை உயிர்ப்பிக்கத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பூங்காக்களுக்கு நடுவே, இது கவனிக்கத்தக்க மாறுதல்.

வறட்சியைத் தாங்கும் வகை

மரங்கள் வறட்சியைத் தாங்குவதற்குக் கைக்கொள்ளும் முறைகள் பல. உழவர்கள் இவற்றை அன்றாடம் கண்டிருப்பார்கள். ஆயினும் காரணத்தோடு அறிவது நல்லது.

முதல் வகை, இலையை உதிர்க்கும் மரங்கள். இலையின் வழியாகவே மரம் நீரை இழக்கிறது. ஆகவே கோடை நெருங்கும்போது இலையைக் கொட்டிவிட்டு வெறும் கிளையோடு நிற்கின்றன. புரசு, சரக்கொன்றை, முள்ளிலவு முதலியன இவ்வகை. இலையற்ற காலத்தில் புரசு செந்தழல்போல் பூத்து நிற்பதைக் காணலாம். அறியாதவர் இலையுதிர்ந்த மரத்தைப் பட்டுப்போனது என்று எண்ணி வெட்டிவிடுவதும் உண்டு. சிறு கிளையொன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும். பொறுத்திருந்தால் மழைக்கு முன்பே தளிர்க்கும்.

இரண்டாம் வகை, இலையை உதிர்க்காமல், அதைத் தோல்போல் தடிப்பாகவும் சிறிதாகவும் வைத்துக்கொள்ளும் மரங்கள். உலக்கைப்பாலை, வீரை, காசா, மகிழம் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சோழமண்டலக் கரையோரத்திலும் அதை அடுத்த உள்நாட்டுக் குன்றுகளிலும் இருந்த இயற்கைக் காடு பெரும்பாலும் இத்தகைய மரங்களால் ஆனது. இதை வெப்பமண்டல உலர் பசுமைக் காடு என்பர். இவை மெதுவாகவே வளரும். ஆனால் ஒருமுறை வேரூன்றிவிட்டால், புயலுக்கும் வறட்சிக்கும் எளிதில் அசையா. அண்ணாமலையார் கோயிலின் தலமரமாக மகிழமரம் போற்றப்படுவது இங்கே நினைக்கத்தக்கது.

மூன்றாம் வகை, வேரை மிக ஆழமாக இறக்கி அடிநிலத்து நீரைத் தேடும் மரங்கள். வேம்பு, புளி, இலுப்பை, வாகை, உசில் ஆகியவற்றை இதற்கு உதாரணமாகக் கூறலாம். ரமணாசிரமத்தின் முகப்பில் நிற்கும் முதிய இலுப்பை மரத்தின் கீழ் நின்று பார்த்தவர்கள், இத்தகைய மரம் ஒன்று எத்தனை தலைமுறைகளுக்கு நிழல் கொடுக்கவல்லது என்பதை உணர்வார்கள்.

செடிகளிலும் இவ்வாறே. ஆவாரை, விராலி, நொச்சி, களா, காரை, ஆடாதொடை முதலியவை கோடையில் கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் பிழைக்கும். ஆவாரையை வேலியோரமாக வைத்தால் மஞ்சள் மலர்க்கொத்துக்களுக்குக் குறைவிராது. அழகு வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட மலிவான செடி கிடைக்காது.

அயல்நாட்டு மரங்களை முற்றிலும் வெறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரமும் நம் சாலைகளில் பல்லாண்டு நிழல் தந்தவை. ஆனால் விரைந்து வளரும் மரத்தின் கிளை பெரும்பாலும் மென்மையாக இருக்கும். வேரும் மேலோட்டமாகப் படரும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபோது, சாலையோரம் நட்டிருந்த இத்தகைய மரங்களே பெரிதும் விழுந்து கிடந்ததை ஊரார் கண்டனர். சில ஆண்டுகளாக நகரங்களில் வேலிபோல் நடப்பட்டு வந்த கோனோகார்ப்பஸ் என்னும் செடியால் மக்கள் உடல்நலத்துக்கும் நிலத்தடி நீருக்கும் கேடு என்ற புகார் எழவே, குஜராத் அரசு 2023-ஆம் ஆண்டில் அதை நடுவதற்குத் தடை விதித்தது. சீமைக்கருவேலத்தின் கொடுமையை நம் உழவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே வேளையில், நம் நாட்டு மரம் என்பதற்காக ஒரே மரத்தை எங்கும் நடுவதும் பிழை. வேம்பைப் போன்ற உறுதியான மரம் வேறில்லை என்று எண்ணியிருந்தோம். 2021-ஆம் ஆண்டில் தெலங்கானாவில் நோய் பரவி, வேப்ப மரங்களின் கிளை நுனிகள் ஊர் ஊராகக் கருகிப்போயின. பல மரங்கள் பின்னர் தளிர்த்தன. ஆயினும் அது ஓர் எச்சரிக்கை. ஒரே பயிரை நிலம் முழுவதும் வைத்த உழவன் பூச்சி வந்தால் என்ன ஆவான் என்பதை நாம் அறிவோம். மரத்துக்கும் அந்த நியதி பொருந்தும். பத்து வகை மரம் கலந்து நிற்கும் பூங்காவே பிழைக்கும் பூங்கா.

புல்தரையின் கணக்கு

நகரப் பூங்கா என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்தரை. குளிர்நாட்டிலிருந்து வந்த வழக்கம் இது. அங்கே ஆண்டு முழுவதும் தூறல் உண்டு, வெயில் குறைவு. இங்கே அதை வளர்க்க ஆகும் தண்ணீர் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

கோடைக்காலத்தில் புல்தரையிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகப் போகிறது. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். எனவே ஒரு ஏக்கர் புல்தரையைப் பச்சையாக வைத்திருக்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர் வேண்டும். வாரத்துக்கு 1,40,000 லிட்டர்.

அதே ஒரு ஏக்கரில் 200 மரக்கன்றுகளை நட்டதாகக் கொள்வோம். கன்று ஒன்றுக்கு 10 லிட்டர் வீதம் வாரம் இருமுறை ஊற்றினால், வாரத்துக்கு 4,000 லிட்டர் போதும். புல்தரைக்கு ஆவதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு! அதுவும் இரண்டு மூன்று கோடைகளுக்கு மட்டுமே. அதன் பின்னர் மரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். புல்தரையோ என்றென்றும் கையேந்தி நிற்கும். குடிநீருக்குப் பெண்கள் குடத்துடன் வரிசையில் நிற்கும் மாதத்தில், பூங்காப் புல்லுக்கு 20,000 லிட்டர் ஊற்றுவதை எந்த ஊரார் ஒப்புவர்? குழந்தைகள் விளையாட ஒரு சிறு திடல் அளவுக்குப் புல் இருக்கட்டும். ஏனைய இடத்தில் மரநிழலும், உதிர்ந்த சருகும், மண்ணுமே நம் வெப்பத்துக்கு ஏற்ற தரை.

கன்று சாவதற்குக் காரணங்கள்

நட்ட கன்று பிழைக்காமைக்குக் காரணம் பெரும்பாலும் விதியன்று, நம் பிழையே. அவற்றுள் முக்கியமானவற்றைக் கூறுவோம்.

நடும் பருவம் தவறுவது முதற்பிழை. விழாவுக்குத் தலைவர் வரும் நாளே நடும் நாள் என்று வைத்துக்கொண்டால், அது மாசியிலும் வரும், பங்குனியிலும் வரும். நம் வட்டாரத்தில் ஆவணி முதல் ஐப்பசி வரையில் மண் நனைந்திருக்கும் காலமே ஏற்றது. அப்போது நட்ட கன்று, வடகிழக்குப் பருவ மழையில் வேரூன்றி, கோடைக்கு ஆயத்தமாகிவிடும்.

இரண்டாவது, பையில் நெடுநாள் இருந்த கன்றை நடுவது. ஆணிவேர் கீழே இறங்க இடமின்றிப் பையின் அடியில் பம்பரக் கயிறுபோல் சுருண்டுவிடும். அத்தகைய கன்று மேலே செழிப்பாகத் தோன்றும். மண்ணில் வைத்த பின்பும் வேர் சுருளிலிருந்து விடுபடாது. ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு காற்றில் அடியோடு சாயும். உயரமான கன்றே சிறந்தது என்பது தவறான எண்ணம். இரண்டடிக் கன்று நேரான வேருடன் இருப்பின் அதுவே முந்தும்.

மூன்றாவது, குழி. கடினமான செம்மண்ணில் ஒரு முழம் தோண்டிக் கன்றைச் செருகினால் அது தொட்டிச் செடியாகவே இருக்கும். இரண்டடி அகலமும் இரண்டடி ஆழமுமாக முன்னதாகவே குழி வெட்டி, சில வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் ஏரி வண்டலும் கலந்து நிரப்புதல் வேண்டும். சரிவான இடமாயின், கன்றுக்குக் கீழ்ப்புறத்தில் பிறை வடிவில் சிறு வரப்பு அமைத்தால், ஓடிப்போகும் மழைநீர் கன்றின் காலடியில் நின்று இறங்கும்.

நான்காவது, நீர் விடும் முறை. நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட வாரம் இருமுறை ஒரு குடம் ஊற்றுவதே நன்று. மேலாக நனைந்தால் வேர் மேலேயே படரும். ஆழமாக நனைந்தால் ஆழத்துக்கு இறங்கும். கன்றின் அருகே சிறு துளையிட்ட மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடி வைக்கும் பானைப் பாசனம் மிகச் சிக்கனமானது. கன்றைச் சுற்றிச் சருகையோ வைக்கோலையோ, மணிலாத் தோலையோ மூடாக்காகப் பரப்பினால், ஊற்றிய நீர் வெயிலில் வீணாகாது.

ஐந்தாவது, காவல். ஆடு ஒரு முறை கடித்த கன்று ஓராண்டு பின்தங்கும். முள்வேலியோ கூண்டோ இல்லாத கன்றை நடாமல் இருப்பதே மேல்.

ஆறாவது, நகரத்துக்கே உரிய தீமை. மரத்தின் அடிவரையில் சிமெண்டுக் கல் பாவிவிடுகிறார்கள். நீரும் காற்றும் புகாமல் வேர் மூச்சுத் திணறுகிறது. 2013-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. அதை எல்லா ஊரும் பின்பற்றலாம். விளம்பரப் பலகைக்காக அடிமரத்தில் ஆணி அறைவதும், சருகைக் குவித்து மரத்தடியிலேயே கொளுத்துவதும் உடனே நிறுத்தத்தக்கவை.

பிறர் கண்ட வெற்றி

1968-ஆம் ஆண்டில் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது, அந்த இடம் மழைநீர் அரித்துச் சென்ற செம்மண் மேடாகவே இருந்தது. அங்கு குடியேறியவர்கள் முதலில் வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தினர். பின்னர் மரம் வைத்தனர். 1973-ஆம் ஆண்டு முதல் அங்கே வளர்க்கப்பட்ட பிச்சாண்டிக்குளம் வனம், உலர் பசுமைக் காட்டு மரங்களைப் பற்றிய அறிவுக்கு ஒரு களஞ்சியமாக விளங்குகிறது. சென்னையில் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, குப்பையும் கழிவும் நிறைந்திருந்த அடையாற்றுக் கழிமுகப் பகுதியைச் சீர்திருத்தி அமைக்கப்பட்டது. அங்கும் நம் மண்ணுக்குரிய மரங்களும் செடிகளுமே பெரிதும் நடப்பட்டன.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. மக்கா நகருக்கு அருகேயுள்ள அரஃபாத் சமவெளி, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான புனிதப் பயணிகள் ஒரு பகல் முழுதும் தங்கும் பாலைநிலம். அங்கே பயணிகளின் நிழலுக்காகப் பல்லாயிரம் வேப்ப மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டன. நம் வீட்டுக் கொல்லையில் நாம் பொருட்படுத்தாத வேம்பு, அரபுநாட்டுப் பாலையில் யாத்திரிகருக்குக் குடை பிடிக்கிறது! கிரிவலம் வரும் அடியாருக்கும் அக்குடை வேண்டாமா?

மலையும் ஊரும்

2016-ஆம் ஆண்டில் கிரிவலப் பாதையை அகலப்படுத்தும் பணியில் மரங்கள் வெட்டப்பட்டபோது, வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. பாதை வேண்டும் என்பதும் நியாயம். நிழல் வேண்டும் என்பதும் நியாயம். நூறாண்டு மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்று நடுவதாகச் சொல்வது கணக்குக்குச் சரியாகலாம். அந்தக் கன்று நிழல் தரும்போது இன்று நடப்பவர் இருப்பாரா என்பதையும் எண்ண வேண்டும்.

2024-ஆம் ஆண்டில் இவ்வூர் மாநகராட்சியாக உயர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், ஃபெஞ்சல் புயலையொட்டிய பெருமழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மீது விழுந்து, குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தை நினைக்க நெஞ்சு பதறுகிறது. மரம் மட்டும் இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று நாம் சொல்லத் துணியவில்லை. அத்தகைய பேய்மழையில் பாறை உருளுவதை எந்த வேரும் முற்றிலும் தடுக்க இயலாது. சரிவில் வீடு கட்டாமல் இருப்பதே முதற் பாதுகாப்பு. ஆயினும் வேர் பின்னிய மண் மெல்ல நீரை உண்ணும். வெறும் மண் விரைந்து கரையும். இது எல்லா மலைக்கும் பொதுவான உண்மை. ஆகவே மலையில் நிற்கும் மரத்தை மேலே உள்ளவருக்கு மட்டும் உரியதென எண்ணாமல், கீழே வாழ்வோரின் காவல் என்றே எண்ணுதல் தகும்.

நெசவாளருக்கும் உழவருக்கும் இதில் என்ன?

பூங்கா என்பது நகரத்தார் மாலையில் காற்று வாங்கும் இடந்தானே, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். உறவு உண்டு.

நெசவாளர் பாவு நீட்டுவது எங்கே? தெருவில், மரநிழலில், விடியற்காலையில். கஞ்சி தோய்ந்த பாவின்மீது கடுவெயில் விழுந்தால் இழை முறுகி அறும். காற்று வறண்டால் தறியிலும் இழை அறும். குழித்தறியில் நெய்வதற்கு மண்ணின் ஈரமும் ஒரு காரணமாக உதவுகிறது. தெரு முழுதும் நிழல் உள்ள நெசவாளர் குடியிருப்பில் வேலை நேரம் நீளும், இழை சேதம் குறையும். ஆரணி முதலிய ஊர்களில் நெசவுத் தெரு அமைப்போர் வீட்டு வரிசைக்கு முன் மர வரிசையைத் திட்டமிட வேண்டும்.

சாயத்துக்கும் மரம் செடி வேண்டும். அவுரியின் நீலமும், சாயவேரின் சிவப்பும், நுணாவின் வண்ணமும், புரசம்பூவின் மஞ்சளும், சாயம் பிடிக்க உதவும் கடுக்காயும் ஒரு காலத்தில் இக்கரையின் துணிக்கு உலகப் புகழ் தந்தவை. இன்று இயற்கைச் சாயத்தை நாடி வாங்குவோர் பெருகி வருகின்றனர். பூங்காவிலும் சங்கத்தின் தரிசு நிலத்திலும் இவற்றை வளர்த்தால், நம் பிள்ளைகள் அச்செடிகளின் முகமாவது அறிவார்கள்.

உழவருக்கோ சொல்லவே வேண்டாம். புங்கந்தழையும் கொழிஞ்சியும் ஆவாரையும் வயலுக்குத் தழையுரம். வேப்பம்பிண்ணாக்கு பூச்சிக்குப் பகை. இலுப்பையின் எண்ணெய் விளக்குக்கும், பிண்ணாக்கு நிலத்துக்கும் பயன்படும். ஊர்ப்பூங்காவில் தேனீ குடியிருந்தால் சுற்றியுள்ள தோட்டங்களில் காய்ப்புக் கூடும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒருவரால் மரம் நட முடியும். ஒருவரால் மூன்று கோடை காக்க முடிவதில்லை. அவருக்கு நோய் வரும், வெளியூர்ப் பயணம் வரும், மறதியும் வரும். பலர் முறை வைத்துக்கொண்டால் அக்குறை தீரும். ஆகவே கூட்டுறவு முறைக்கு இதைவிட ஏற்ற வேலை இல்லை.

ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு 50 கன்றுகளுக்கு மேல் நட வேண்டா. அவற்றில் பத்து வகையேனும் கலந்திருக்கட்டும். ஒவ்வொரு கன்றுக்கும் இரு குடும்பத்தாரைப் பொறுப்பாக்கி, அவர் பெயரைச் சங்கக் குறிப்பேட்டில் எழுதுக. மாதக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கும்போதே, எத்தனை கன்று உயிரோடு உள்ளது என்பதையும் படித்துக் காட்டுக. பட்டுப்போனது இருந்தால் காரணத்தை மறைக்காமல் எழுதுக. அடுத்த ஆண்டுக்கு அதுவே பாடம். ஆண்டறிக்கையில் நட்ட எண்ணிக்கையைப் போடாமல், மூன்றாம் கோடையைத் தாண்டிய எண்ணிக்கையை மட்டும் போடுவது என்று ஒரு விதி செய்துகொண்டால், அதுவே பாதி வெற்றியைத் தந்துவிடும்.

இவ்வாண்டு ஆவணியில் குழி வெட்டத் தொடங்குவோம். வெட்டுமுன் யார் எந்த நாளில் தண்ணீர் ஊற்றுவது என்று தீர்மானம் எழுதி, கையொப்பமிட்டு வைப்போம். கிரிவலப் பாதையில் நமக்கு நிழல் தந்தவர்கள் தங்கள் பெயரை எழுதி வைக்கவில்லை. நம் பெயரும் மறைந்து போகட்டும். கன்று மட்டும் பிழைக்கட்டும்.